ஐந்து மணிக்காரனும் அரை நாள் பேரும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வாசிப்பு நம்மை என்ன செய்கிறது என்பது இன்று எங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. எனக்கு முன்னால் பேசியவர்கள் தாங்கள் தேடிப் போய் வாங்கிப் படித்த நூல்களைப் பற்றி அழகாகச் சொன்னார்கள். நான் சொல்லப் போவது நான் தேடிப் போகாத ஒரு வாசிப்பைப் பற்றி. ஞாயிறுதோறும் எங்கள் கோயிலில் வாசிக்கப்படும் வேத வாசகங்களைப் பற்றி. சமயம் பரப்ப வந்திருக்கிறாளோ என்று யாரும் பயப்பட வேண்டாம். தமிழ்ப் பூசையில் முதல் வாசகம் வாசிக்கிறவள் நான், அவ்வளவுதான். வாரா வாரம் என் கையில் ஒரு பக்கம் கொடுக்கப்படுகிறது. அந்தப் பக்கத்தை நான் தேர்ந்தெடுப்பதில்லை. அதுதான் இங்கே முக்கியம்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய பழக்கமும் அல்ல. மார்கழி மாதம் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். திருப்பாவை 30 பாசுரம், நாளுக்கு ஒன்று. "எனக்குப் பிடித்தது பன்னிரண்டாவது, அதையே இன்றைக்கும் பாடலாம்" என்று யாரும் சொல்வதில்லை. இன்றைக்கு எது முறையோ அது. யூதர்களும் தங்கள் வேதத்தின் முதல் ஐந்து நூல்களை 54 பகுதிகளாகப் பிரித்து ஓராண்டில் வாசித்து முடிக்கிறார்கள். இயேசு நாசரேத்தூர்த் தொழுகைக் கூடத்தில் வாசிக்க எழுந்தபோது அவரிடம் எசாயாவின் ஏட்டுச் சுருளைக் கொடுத்தார்கள் என்று லூக்கா எழுதியிருக்கிறார். ஏட்டை அவர் கேட்டு வாங்கவில்லை, கொடுத்தார்கள்.

எங்கள் கத்தோலிக்கத் திருச்சபையில் இப்போது இருக்கும் முறை 1969இல் வந்தது. அதற்கு முன்னால் ஞாயிறு வாசகங்கள் ஓராண்டுக்கு ஒரு சுற்று. ஆண்டுதோறும் அதே பகுதிகள், அதுவும் பெரும்பாலும் லத்தீனில். வேதத்தின் களஞ்சியத்தை மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்து வைக்க வேண்டும் என்று 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிவு செய்தது. அதன் பிறகு மூன்றாண்டுச் சுற்று வந்தது. முதலாண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவானுக்குத் தனி ஆண்டு கிடையாது, தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் இடையிடையே வருவார். இந்த ஏற்பாட்டைப் பார்த்துப் பல சீர்திருத்தத் திருச்சபைகளும் சேர்ந்து ஒரு பொதுப் பட்டியலைத் தயாரித்தன. அதன் திருத்திய வடிவம் 1992இல் வெளிவந்தது. ஆகவே பல ஞாயிறுகளில் எங்கள் கோயிலில் வாசிக்கும் அதே பகுதியை வேறொரு சபையிலும் வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். பிரசங்கம் செய்கிறவர் தனக்குப் பிடித்த வசனத்தை எடுத்துக்கொண்டால், அவருக்கு முன்பே தெரிந்த பதிலைத்தான் நமக்குச் சொல்வார். நானே வீட்டில் பைபிளைத் திறந்தால் கை தானாக ஆறுதலான சங்கீதங்களுக்குத்தான் போகும். பட்டியல் அப்படிப் போக விடாது. இந்த வாரம் இதுதான் என்று முன்னால் வைத்துவிடும்.

2020 மார்ச் 22ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் பிப்ரவரி மாதமே பூசைகளை நிறுத்திவிட்டார்கள். மலேசியாவில் மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, ஜொகூர்ப் பாலம் வெறிச்சோடிக் கிடந்தது. வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்து பூசை பார்த்தோம். அன்றைய நற்செய்தி, பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரின் கதை. அவரைக் கண்டதும் சீடர்கள் கேட்கும் முதல் கேள்வி, இது யார் செய்த பாவம், இவனுடையதா, இவனைப் பெற்றவர்களுடையதா என்பது. அந்த வாரம் என் கைப்பேசியில் வந்து விழுந்த செய்திகளில் பாதி அதே கேள்விதான். நோய் யாரால் வந்தது, எந்த நாட்டுக்காரனால், எந்தக் கூட்டத்தால். இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டு, மண்ணைக் குழைத்து வேலையைப் பார்க்கிறார். அந்த ஞாயிறுக்கு அந்த வாசகத்தை யாரும் பார்த்துப் பார்த்துப் போடவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே போட்டுவைத்தது, தன் முறைக்கு வந்தது. அடுத்த ஞாயிறு லாசரின் கல்லறை. அதைப் பற்றிப் பேச இன்று நேரம் போதாது.

நான் விரிவாகச் சொல்ல நினைப்பது வேறொரு வாசகம். மத்தேயு ஆண்டில் பொதுக்காலம் 25ஆம் ஞாயிறு, செப்டம்பர் மாதம் வரும். திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமை.

கதை தெரியாத நேயர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் போய், ஒரு நாள் கூலி இவ்வளவு என்று பேசி ஆட்களை அழைத்து வருகிறார். மறுபடியும் ஒன்பது மணிக்குப் போகிறார், பன்னிரண்டுக்கு, மூன்றுக்குப் போகிறார். மாலை ஐந்து மணிக்கும் போய், சும்மா நிற்கிறவர்களைக் கூட்டி வருகிறார். ஆறு மணிக்கு வேலை முடிகிறது. சம்பளம் கொடுக்கும்போது கடைசியில் வந்தவர்களிலிருந்து தொடங்கச் சொல்கிறார். ஒரு மணி நேரம் வேலை செய்தவர்களுக்கு முழு நாள் கூலி. அதைப் பார்த்துக் காலையில் வந்தவர்கள் தங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். அவர்களுக்கும் அதே கூலி. முணுமுணுக்கிறார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கே எங்களுக்குத் 'தோட்டம்' என்றால் எஸ்டேட். பூந்தோட்டமும் இல்லை, காய்கறித் தோட்டமும் இல்லை. ஆகவே 'திராட்சைத் தோட்டம்' என்று வாசிக்கக் கேட்டதுமே எங்களுக்குப் பெரட்டுக் களம் கண்ணில் வந்துவிடும். உரிமையாளர் என்றால் துரை. கூலியைக் கொடுக்கிற மேற்பார்வையாளர் என்றால் கிராணி. ஆள் பிடித்து வருகிறவர் கங்காணி. பழைய மொழிபெயர்ப்பில் அன்றைய கூலிக்கு 'ஒரு பணம்' என்று இருக்கும். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'தெனாரியம்' என்று போட்டார்கள். சரித்திரப்படி அது சரியான சொல்தான். ஆனால் எங்கள் தோட்டத்து ஆட்களிடம் தெனாரியம் என்றால் ஏதோ மருந்து என்று நினைத்திருப்பார்கள். 'ஒரு நாள் பேர்' என்று சொல்லியிருந்தால் சின்னப் பிள்ளைக்கும் புரிந்திருக்கும்.

பேர் என்பதை இளையவர்களுக்கு விளக்க வேண்டும். விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போய் நின்றால் செக்ரோலில் பேர் போடுவார்கள். பேர் விழுந்தால்தான் கூலி. மழை பெய்தால் மரத்துப் பட்டை ஈரம், பால் வெட்ட முடியாது, பேரும் இல்லை. பாதியில் மழை வந்தால் அரை நாள் பேர். ஒரு குடும்பத்தின் அடுப்பு அந்த நோட்டுப் புத்தகத்தில் விழும் ஒரு கோட்டை நம்பி எரிந்தது.

எங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்துக்குச் சாமியார் மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் வாசகங்களை வாசித்து ஜெபம் சொல்லி அனுப்பிவிடுவார். 1978 செப்டம்பரில் அவர்தான் இந்த உவமையை வாசித்தார். அன்று மதியம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தர்க்கம் வந்தது. அப்பா தொழிற்சங்கத்து ஆள். "விடியக்காலம் போயி வெயில்ல காஞ்சவனுக்கும் பொழுது சாயுற நேரத்துல வந்தவனுக்கும் ஒரே பேரா? நம்ம தோட்டத்துல தொரை இப்படிச் செஞ்சா அடுத்த நாள் எவன் காலையில வருவான்?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. நேரத்துக்கும் வேலைக்கும் ஏற்ற கூலி வேண்டும் என்றுதானே சங்கங்கள் காலமெல்லாம் போராடின.

சித்தப்பா அதிகம் பேசமாட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "அண்ணே, அந்த அஞ்சு மணிக்காரன் காலையிலேருந்து எங்க நின்னுக்கிட்டு இருந்தான்?"

இந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள அவர் கதையைச் சொல்ல வேண்டும். அப்பா மலாயாவில் பிறந்தவர். இரண்டாவது பிரசவத்துக்குப் பாட்டி ஊருக்குப் போனார்கள். சித்தப்பா அங்கே பிறந்தார். பிறகு யுத்தம் வந்துவிட்டது, கப்பல் இல்லை. ஜப்பான்காரன் போன பிறகுதான் பாட்டி பிள்ளையோடு திரும்பி வந்தார்கள். நாடு சுதந்திரம் அடைந்த பிறகு அப்பா மனுப் போட்டு நீல அடையாள அட்டை வாங்கிவிட்டார். சித்தப்பா போடவில்லை. ஜொகூர் பாருவுக்குப் போய் வந்தால் ஒரு நாள் பேர் போய்விடும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாள் கூலிக்காக. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும் என்றார்கள். 1969, 1970 வாக்கில் தீபகற்பம் முழுவதும் சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். பல்லாயிரம் பேர் கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போனார்கள். அங்கே அவர்களில் பலருக்கு வீடும் இல்லை, முகம் தெரிந்த ஆளும் இல்லை. சித்தப்பா போகவில்லை. செக்ரோலில் அவர் பேரை அடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் அவர் தினமும் பெரட்டுக்குப் போனார். யாராவது வராமல் போனால், காய்ச்சல் என்று படுத்துக்கொண்டால், அந்த ஆளின் பேரில் இவரை இறக்குவார்கள். கூலியில் பங்கு. சில நாள் எட்டு மணி வரை நின்றுவிட்டுத் திரும்பி வருவார். சில நாள் பத்து மணிக்குத்தான் கூப்பிடுவார்கள், அரை நாள் பேர். சும்மா நின்றவர் என்று பார்க்கிறவர்கள் சொல்லியிருக்கலாம். நின்றதுதான் அவருடைய வேலை. உவமையிலும் அந்த ஐந்து மணிக்காரர்களிடம் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கப்படுகிறது. தங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். அந்த ஒரு பதிலைக் கேட்டதும் சித்தப்பாவுக்குக் கதை அங்கேயே முடிந்துவிட்டது. கூலிப் பட்டுவாடா வரைக்கும் அவர் போகவே இல்லை.

அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டே, "ஏன், அந்தத் தோட்டத்துல பொம்பளையாளுங்க வேலைக்கே போகலையாமா?" என்று கேட்டார். இருவரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் அது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. 1920களில் மலாயாவின் சில வட்டாரங்களில் அரசாங்கம் நிர்ணயித்த தோட்டக் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே நிரை, ஒரே கத்தி, பத்துக் காசு குறைவு. ஒரே கூலி என்ற பேச்சு வந்ததும் அம்மாவுக்கு அந்த ஞாபகம் வராமல் இருக்குமா, அவருடைய தாயார் அந்த 40 காசு வாங்கியவர்.

ஆக ஒரே வாசகம், ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று காதுகள். உபதேசியார் ஒரு விளக்கமும் சொல்லவில்லை, வாசித்ததோடு சரி. அதனால்தான் அவரவருக்கு உரியது அவரவர் காதில் விழுந்தது என்று நினைக்கிறேன். இன்று பத்து நிமிடப் பிரசங்கத்தில் எல்லாவற்றையும் விளக்கித் தந்துவிடுகிறார்கள். வீட்டுக்குப் போய்த் தர்க்கம் செய்ய ஒன்றும் மிஞ்சுவதில்லை.

பட்டியலைப் புகழ்ந்துகொண்டே போகிறேன் என்று நினைக்க வேண்டாம். பட்டியல் போட்டவர்கள் கையிலும் கத்தரிக்கோல் இருந்தது. இந்த உவமைக்குச் சற்று முன்னால் பேதுரு ஒரு கேள்வி கேட்கிறார். நாங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று. அதற்கு வரும் பதிலின் தொடர்ச்சிதான் இந்தக் கதை. அதாவது முதலில் வந்து சேர்ந்தவர்களைப் பார்த்துச் சொன்னது, கணக்குப் பார்க்காதீர்கள் என்று. ஆனால் ஞாயிறு வாசகத்தில் அந்தக் கேள்வி வராது. அது வார நாளுக்குப் போய்விட்டது. கேள்வியை வெட்டிவிட்டுப் பதிலை மட்டும் வாசித்தால், முணுமுணுக்கும் கூலிக்காரனுக்குச் சொன்ன அறிவுரை போலக் கேட்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன். விடுதலைப் பயண நூலின் முதல் அதிகாரத்தில் சிப்ரா, பூவா என்று இரண்டு மருத்துவச்சிகள். ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன மன்னனின் கட்டளையை மீறியவர்கள். வார நாள் வாசகத்தில் அந்த அதிகாரம் வரும்போது, சரியாக இவர்கள் இருக்கும் வசனங்களைத் தாண்டிப் போகிறார்கள். வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார்கள், நீளத்தைக் குறைத்திருப்பார்கள். குறைக்கும்போது எது போகிறது பாருங்கள்.

இந்த உவமையில் எனக்கு இன்றுவரை உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. என் பணத்தை என் விருப்பப்படி கொடுக்க எனக்கு உரிமை இல்லையா என்று தோட்டக்காரர் கேட்கிறார். அவர் கேட்பது கூடுதலாகக் கொடுப்பதற்காக. ஆனால் இதே வாதத்தைக் குறைத்துக் கொடுப்பதற்காகச் சொன்ன முதலாளிகளை எங்கள் தோட்டத்து ஆட்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். இந்த ஓர் உவமையை மட்டும் வைத்துக்கொண்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாயை மூடு என்று ஒரு தொழிலாளிக்குப் பிரசங்கம் செய்துவிட முடியும்.

அங்கேதான் மூன்றாண்டுச் சுற்று எனக்குப் பிடித்திருக்கிறது. இதே செப்டம்பர் கடைசியில், மறு ஆண்டு 26ஆம் ஞாயிறன்று, யாக்கோபின் கடிதம் வரும். வயலில் அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலியே எழுந்து கூக்குரலிடுகிறது என்பார் அவர். பணக்காரர்களைப் பார்த்து அழுங்கள் என்பார். அதற்கு மறு ஆண்டு 25ஆம் ஞாயிறு ஆமோஸ். தராசைத் திருத்தி ஏமாற்றுகிறவர்களையும், ஒரு ஜோடிச் செருப்பு விலைக்கு ஏழையை வாங்குகிறவர்களையும் பிடிபிடியென்று பிடிப்பார். 2023 செப்டம்பர் 24 உவமை, 2024 செப்டம்பர் 29 யாக்கோபு, 2025 செப்டம்பர் 21 ஆமோஸ். துரைக்குப் பிடித்ததை மட்டும் வாசிக்கவும் முடியாது, சங்கத்துக்குப் பிடித்ததை மட்டும் வாசிக்கவும் முடியாது. அப்பா ஆமோஸ் வரும் ஞாயிறன்று முன் வரிசையில் உட்காருவார். உவமை வரும் ஞாயிறன்று பின்னால் நின்றுகொள்வார். அது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

சித்தப்பாவுக்குப் பிற்காலத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் செம்பனையில் வேலை கிடைத்தது. 1986இல் அவர் இறந்தபோதும் சட்டைப் பையில் இருந்தது சிவப்பு அட்டைதான்.

இப்போது எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமானத் தளங்களில் வேலை செய்யும் தம்பிகள் பலர். 2023இல் உவமை வாசித்த ஞாயிறன்று, பூசை முடிந்து வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பியிடம் சித்தப்பா கேட்ட கேள்வியைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "அக்கா, எங்க ஊர்ல கொத்தனாரும் சித்தாளும் காலையில முக்குல வந்து நிப்பாங்க. ஏழரை, எட்டுக்குள்ள மேஸ்திரி வந்து ஆளக் கூட்டிக்கிட்டுப் போயிருவாரு. ஒன்பது மணிக்கு மேல யாரும் வரமாட்டாங்கன்னு நிக்கிறவனுக்கும் தெரியும். ஆனா வீட்டுக்குப் போனா புள்ளைங்க பார்க்குமே. அதுக்காக நிப்பான். எங்கப்பா சாயங்காலம் வரைக்கும் நின்னிருக்காரு" என்றார்.

அந்தக் கூலி ஏன் முழு நாள் கூலியாக இருந்தது என்று எத்தனையோ விளக்க நூல்கள் எழுதியிருக்கிறார்கள். அரை நாள் பேரில் அரைக் குடும்பம்தானே சாப்பிடும். ஐந்து மணிக்கு வந்தவன் வீட்டிலும் இராத்திரிக்கு எல்லாருக்கும் பசிக்கும். அந்தத் தம்பிக்கு இது விளக்காமலே தெரிந்திருந்தது.

நன்றாகத் தமிழ் படிக்கிறாரே என்று அவரை வாசகராகச் சேரச் சொன்னேன். முதலில் தயங்கினார், வேலை முடிந்து விடுதியில் இரவில் சத்தமாகப் படித்துப் பழகினார். அறைக்காரர்கள் கேலி செய்தார்களாம். 2024 செப்டம்பர் 29ஆம் தேதி யாக்கோபின் கடிதத்தை அவர்தான் வாசித்தார். 'கூலி' என்ற சொல் வந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார். மூச்சு வாங்கவா, வேறு எதற்காகவா என்று நான் கேட்கவில்லை. பிறகு தலை நிமிராமல் கடைசி வரை வாசித்து முடித்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.